உறங்கும் தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள்: பல்லாண்டுப் பூச்செடிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

செடி வளர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு தொட்டியில் செங்காந்தள் வைத்திருந்தேன். கொடியாகப் படர்ந்தது. பச்சையாக விரிந்த பூ மஞ்சளாகி, பிறகு நுனியிலிருந்து தீ பிடித்தாற்போலச் சிவந்தது. வந்தவர்களையெல்லாம் இழுத்துப் போய்க் காட்டினேன். கொஞ்ச நாளில் இலை பழுத்தது, தண்டு காய்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று முன்பைவிட அதிகமாக ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டது என்று முடிவு செய்து தொட்டியைக் கவிழ்த்தபோது, மண்ணோடு கலப்பை வடிவத்தில் ஒரு கிழங்கு உருண்டு வந்தது. பாதி அழுகல். மீதிப் பாதி வெள்ளை வெளேரென்று உயிரோடு இருந்தது. செடி தூங்கப் போயிருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றிக் கொன்றிருக்கிறேன்.

பல்லாண்டுச் செடி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கவனக் குறைவால் சாகும் செடியைவிட, நேரம் தெரியாமல் காட்டும் அக்கறையால் சாகும் செடிகள் அதிகம். எந்தச் செடி எப்போது விழிக்கும், எந்த மணிக்குப் பூக்கும், எந்த மாதம் ஓய்வெடுக்கும், எத்தனை ஆண்டு கழித்துத் தன் முழு அழகைக் காட்டும் என்பது தெரிந்துவிட்டால் மற்ற வேலைகள் எளிது. இந்த வழிகாட்டியை அந்தக் கணக்கை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம்

ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டு மடிவது ஒருபருவச் செடி. இரண்டு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருப்பது பல்லாண்டுச் செடி. இதிலும் இரண்டு வகை உண்டு. செம்பருத்தி, வெட்சி, நந்தியாவட்டை போன்றவை கட்டைத்தண்டுடன் ஆண்டு முழுக்க மண்ணுக்கு மேலே நிற்கும். காந்தள், மழை லில்லி, அந்திமந்தாரை, குளிர் நாடுகளில் வளரும் பியோனி, ஹோஸ்டா போன்றவை மேலே உள்ளதை உதிர்த்துவிட்டு, கிழங்காகவோ வேராகவோ மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். வெப்ப நாட்டில் வறட்சியும் குளிர் நாட்டில் பனியும் அந்த ஒளிதலுக்குக் காரணம்.

பல ஆண்டு வாழ்வதாலேயே பல முறை பூக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். குறிஞ்சி 12 ஆண்டு வளர்ந்து, கூட்டமாக ஒரே முறை பூத்து, விதை விட்டு மடிந்துவிடும். 2006-லும் 2018-லும் மலைகள் நீலமானது அப்படித்தான். நீலக்கற்றாழை வகைகளும் பெரும்பாலும் அப்படியே. பூந்தண்டு வானம் நோக்கி எழும்போது மகிழ்ச்சியாக இருக்கும். அதுவே அந்தச் செடியின் விடைபெறுதல். பக்கக் கன்றுகள் இருந்தால் வம்சம் தொடரும்.

படி 1: ஒன்றும் நடாமல் ஒரு மாதம் வெயிலைப் பாருங்கள்

இது எவருக்கும் பிடிக்காத படி. ஆனால் இதைச் செய்தவர்கள் பின்னால் செடிகளைப் பிடுங்கி இடம் மாற்றுவதில்லை.

ஒரு தாளில் வீட்டையும் சுவரையும் மரத்தையும் கோட்டுப்படமாக வரையுங்கள். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு மணிக்கு வெயில் விழும் இடங்களை மூன்று நிறத்தில் குறியுங்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும் இடம் முழு வெயில் இடம். மூன்று முதல் ஆறு மணி நேரம் அரை நிழல். அதற்கும் குறைவென்றால் நிழல். ஒரே நான்கு மணி நேர வெயிலென்றாலும் காலை வெயில் வேறு, மாலை வெயில் வேறு. காலை வெயிலில் மலர்ந்து நிற்கும் செடி, சுவரின் சூடும் சேர்ந்த மேற்கு வெயிலில் இலை கருகிப் போகலாம்.

இந்தப் படம் ஆண்டு முழுக்க அப்படியே இருக்காது. வெப்ப மண்டலத்தில் ஜூன் மாத உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாயும். டிசம்பரில் தெற்குப் பக்கம். ஜூனில் சுள்ளென்று காய்ந்த வடக்கு மூலை டிசம்பரில் முழு நிழலாகிவிடும். பூக்காத செம்பருத்திக்கு உரம் போட்டுப் பார்த்து அலுத்துப் போகும் பலருக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

படி 2: மண்ணில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டுங்கள். தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு இரண்டரை முதல் எட்டு சென்டிமீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலான பூச்செடிகளுக்குப் போதும். அதைவிட மெதுவாக இறங்கினால் களிமண் அதிகம்; மக்கிய தொழு உரம் கலந்து, பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிடுங்கள். குடுகுடுவென்று ஓடினால் மணல் அதிகம். அதற்கும் மருந்து மக்குதான். களிமண்ணைத் திருத்துகிறேன் என்று கொஞ்சம் மணலை மட்டும் கொட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து செங்கல் போல இறுகிவிடும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பக் கூடாது. மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவும் ஆற்று மணலும் சேர்த்து ஒரு பங்கு என்பது எனக்குக் கைகொடுத்த கலவை. அடீனியம், கள்ளி வகைகளுக்கு மணல் பங்கை இரட்டிப்பாக்குங்கள்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். ஜல்லியின் உயரத்துக்கு ஏற்றபடி ஈர மட்டமும் மேலே ஏறி வேரை எட்டிவிடுகிறது. ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லோ வலைத்துண்டோ வைத்தால் போதும், மண் வெளியே போகாது.

படி 3: கடிகாரம் பார்த்துச் செடி தேர்ந்தெடுங்கள்

நிறத்தைப் பார்த்துச் செடி வாங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர், பகலில் விரிந்து சாயங்காலம் சுருங்கும் பூக்களாகவே வைத்தால் அவற்றை விடுமுறை நாளில்தான் பார்க்க முடியும். நீங்கள் தோட்டத்தில் நிற்கப் போகிற நேரம் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைக்கு: செம்பருத்தி, சங்குப்பூ. சங்குப்பூ அவரைக் குடும்பத்துக் கொடி. வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், உரம் குறைந்த மண்ணிலும் ஈடுகொடுக்கும். நித்தியகல்யாணி காலை, மாலை என்று பார்ப்பதில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடி சுவர் வெடிப்பில்கூட ஆண்டு முழுக்கப் பூக்கும். புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இதிலிருந்து வந்தவை. அதற்காக வீட்டில் இலையை மென்று பார்க்க வேண்டாம், அது நஞ்சு.

மாலைக்கு அந்திமந்தாரை. வெயில் தாழும்போது விரிந்து இரவெல்லாம் மணந்து மறுநாள் முற்பகலில் சுருங்கும். ஒரே செடியில் மஞ்சள், இளஞ்சிவப்பு, இரண்டும் தெளித்தாற்போன்ற பூ எல்லாம் வரும். மரபியல் படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம். கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1909-இல், வெள்ளையும் பச்சையுமாக இலை விடும் அந்திமந்தாரைகளைக் கலப்பு செய்து பார்த்தார். இலையின் நிறம் தாய்ச்செடி வழியாக மட்டுமே இறங்குகிறது என்று கண்டார். தந்தையும் தாயும் சமபங்கு என்று நம்பியிருந்த காலத்தில் அது பெரிய செய்தி. செடி வறட்சியில் காய்ந்தாலும் அடியில் பருத்த கிழங்குவேர் இருக்கும். மழை பெய்ததும் துளிர்க்கும்.

இரங்கூன் மல்லியையும் மாலைக்குச் சேர்க்கலாம். அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்து நல்ல சிவப்பாகும். வெள்ளைப் பூவும் மணமும் இரவில் வரும், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்கு. சிவந்த பிறகு பகலில் தேனீக்கள் வருகின்றன. ஒரே கொத்தில் மூன்று நிறம் தொங்கும்போது எந்தப் பூவுக்கு எத்தனை நாள் வயது என்று குழந்தைகளால் சொல்ல முடியும். இடம் குறைவானவர்கள் யோசித்து வையுங்கள். கூரை வரை ஏறிவிடும்.

நள்ளிரவுக்கு நிஷாகந்தி. இலை என்று நாம் நினைப்பது உண்மையில் தட்டையான தண்டு. அதன் விளிம்புப் பள்ளங்களிலிருந்துதான் மொட்டு வரும். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மரங்களின் மேல் ஒட்டி வளரும் கள்ளி இனம் இது. பலர் இதைப் பிரம்மகமலம் என்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய செடி இமயமலை உயரங்களில் வளரும் வேறொன்று. மொட்டு சில வாரம் தலைகுனிந்து தொங்கும். கழுத்தை வளைத்து மேல்நோக்கிப் பார்க்கத் தொடங்கினால் ஒன்றிரண்டு நாளில் பூக்கும். இருட்டிய பிறகு கண்முன்னே அசைந்து விரியும், நள்ளிரவில் முழுதாக நிற்கும், விடிவதற்குள் துவண்டுவிடும். பவளமல்லியும் இரவுக்காரிதான், ஆனால் அவளுடைய அழகு விடியலில், ஆரஞ்சுக் காம்புடன் தரையில் உதிர்ந்து கிடக்கும்போதுதான் கண்ணில் படும். அவளுக்குக் கீழே கல்தரையோ அடர்த்தியான செடிகளோ வைக்காமல் புல்லோ மண்ணோ விட்டு வையுங்கள்.

இன்னும் ஒரு கணக்கு: பருவத்துக்கு ஒன்று. பந்து லில்லி ஆண்டுக்கு ஒரு முறை, இலைக்கு முன்பாகவே மண்ணைப் பிளந்து சிவப்புப் பந்தாக வரும். மழை லில்லி வறண்டு கிடந்து, பெருமழையில் நனைந்த சில நாட்களில் ஒரே சமயத்தில் மலரும். இவற்றைத் தனித்தனி மூலையில் ஒளிக்காமல், நித்தியகல்யாணி போன்ற எப்போதும் பூக்கும் செடிகளுக்கு இடையிடையே புதைத்து வைத்தால், அவை தூங்கும்போது இடம் வெறுமையாகத் தெரியாது. விழிக்கும்போது நமக்கே திடுக்கென்றிருக்கும்.

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கடிகாரம் வேறு. டூலிப் போன்ற கிழங்குகள் பல வாரம் குளிரில் கிடந்தால்தான் பூக்கும். பியோனிக்கு இன்னொரு நுணுக்கம்: கிழங்கின் கண் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் போனால் இலை செழிக்கும், பூ வராது. சரியாக நட்டு அசைக்காமல் விட்டால் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து பூக்கும்.

படி 4: நடுதல்

வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள், முடிந்தால் மழைப்பருவத்தின் தொடக்கத்தில். குழியின் ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்குச் சரியாக இருக்கட்டும். அகலம் இரண்டு மடங்கு. பையிலிருந்து எடுத்ததும் வேர்களைப் பாருங்கள். பையின் வடிவத்துக்கே வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்து விடுங்கள்; பிரிய மறுத்தால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கத்தியால் மேலோட்டமாகக் கீறுங்கள். இரக்கப்பட்டு அப்படியே நட்டால், இரண்டு வருடம் கழித்தும் அந்த வேர் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் அழுகும். காந்தள் கிழங்கைப் படுக்கை வசமாக ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். அதன் முனையில்தான் முளை இருக்கிறது. எளிதில் ஒடியும், ஒடிந்தால் முளைக்காது. கொடிக்குப் பந்தல் வேண்டாம், மெல்லிய குச்சி போதும். காந்தளின் இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், தடித்த கம்பை அதனால் பிடிக்க முடியாது.

இடைவெளி விஷயத்தில் எல்லோரும் அவசரப்படுகிறோம். வாங்கும்போது கையளவு இருக்கும் செடியை மூன்றாவது ஆண்டு அளவை நினைத்து நட வேண்டும். முதல் ஆண்டில் வேருக்கே எல்லாச் சத்தும் போகும், மேலே அசைவே தெரியாது. இரண்டாம் ஆண்டு கொஞ்சம் பரவும். மூன்றாம் ஆண்டுதான் அதன் உண்மையான உருவம். நடுவில் தெரியும் வெற்றிடத்தை நிரப்ப ஒருபருவச் செடிகளை விதையுங்கள். காலம் வரும்போது அவையே விலகிக்கொள்ளும்.

படி 5: தண்ணீரும் மூடாக்கும் உரமும்

தினமும் ஒரு குவளை தெளிப்பது வேரை மேல்மண்ணிலேயே சோம்பேறியாக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, வேர் வரை இறங்கும்படி ஊற்றுவது மேல். எப்போது ஊற்றுவது என்பதற்கு விரல்தான் கருவி: இரண்டு விரற்கடை ஆழத்தில் ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள். நண்பகலில் இலை துவண்டிருப்பதைப் பார்த்து ஓடி வராதீர்கள். வெயிலில் நீரிழப்பைக் குறைக்க இலை தொங்குவது சகஜம். சாயங்காலமும் துவண்டே இருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகல். அப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும்.

காகிதப்பூ இந்த விதிக்கு வெளியே நிற்பது. கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும். தினமும் தண்ணீர் காட்டினால் பச்சையாக முள்ளோடு நீண்டுகொண்டே போகும். 1767-இல் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பயணத்தில் வந்த தாவரவியலாளர் கொம்மெர்சோன் பிரேசிலில் இதைக் கண்டு பூகன்வில்லா என்று அவர் பெயரையே சூட்டினார். நாம் பூ என்று பார்க்கும் வண்ணக் காகிதம் மடலிலை. நடுவில் குண்டூசித் தலை போல வெள்ளையாக இருப்பதுதான் பூ.

மூடாக்குக்கு உதிர்ந்த இலை, காய்ந்த புல், தென்னை மட்டைத் தூள் எதுவும் ஆகும். ஐந்து சென்டிமீட்டர் கனம், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி. தூங்கும் கிழங்குகளின் மேல் மட்டும் ஈரமான மூடாக்கு வேண்டாம்.

உரத்தில் நைட்ரஜன் மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும். பருவத்துக்கு ஒரு முறை மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கைப்பிடி அளவு போட்டு, மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் போதும். வெட்சிக்கு மட்டும் ஒரு குறிப்பு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். மண் காரமாக இருப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. சுண்ணாம்பு பூசிய சுவரை ஒட்டி நட்ட வெட்சிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இலைமக்கு நிறையச் சேருங்கள், அல்லது சுவரைவிட்டுத் தள்ளி நடுங்கள்.

படி 6: கவாத்து — எந்தக் கிளையில் பூக்கிறது?

கத்தரியை எடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது. செம்பருத்தி, மல்லிகை, வெட்சி, காகிதப்பூ எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை. குளிர் விலகும்போது மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் கிளை பெருகும், பூவும் பெருகும். பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவின் பல ரகங்கள் போன ஆண்டுக் கிளையில் மொட்டை ஒளித்து வைத்திருப்பவை. அவற்றைக் குளிர்காலத்தில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டி எறிகிறோம். பூத்து முடித்தவுடன் வெட்ட வேண்டியவை அவை.

ஹோயாவை வளர்ப்பவர்களுக்கு: மெழுகு நட்சத்திரம் போன்ற பூக்கொத்து உதிர்ந்த பிறகு மிஞ்சும் மொட்டைக் காம்பை வெட்டாதீர்கள். அடுத்த முறை அதே காம்பிலிருந்துதான் பூக்கும். சுத்தம் பார்ப்பவர்கள் வீட்டில் ஹோயா பூக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கல்வாழையில் பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள். அது மறுபடி பூக்காது, பக்கத்து முளைக்கு இடம் விடட்டும். மற்றபடி வாடிய பூவைக் கிள்ளி எடுப்பது விதைக்குப் போகும் சத்தை அடுத்த மொட்டுக்குத் திருப்பும். விதை வேண்டுமென்றால் கடைசிப் பூக்களை விட்டு வையுங்கள்.

படி 7: பிரித்தலும் பெருக்கலும்

கல்வாழை, டே லில்லி, மழை லில்லி போன்ற கொத்துச் செடிகள் மூன்று நான்கு ஆண்டில் நடுவில் வழுக்கை விழுந்து, ஓரத்தில் மட்டும் பச்சையாக நிற்கும். பூவும் சிறுக்கும். அதுதான் பிரிக்கும் நேரம். ஓய்வுக்காலத்தின் முடிவில் முழுக் கொத்தையும் தோண்டி எடுங்கள். வெளி ஓரத்து இளம் பகுதிகளை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கண்ணும் வேரும் இருக்கும்படி பிரித்து நடுங்கள். கிழட்டு நடுப்பகுதியை மக்குக்குழிக்கு அனுப்புங்கள்.

கட்டைத்தண்டுச் செடிகளுக்குப் போத்து. பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, பாதி வரை மண்ணில் புதைத்து நிழலில் வையுங்கள். வேர் விட்டதா என்று தினமும் இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். மல்லிகைக்குப் பதியம் எளிது: தாழ்ந்த கிளையை வளைத்து ஒரு கணுவை மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

மஞ்சள் ஓரம் கொண்ட பாம்புச் செடியில் ஒரு வேடிக்கை. அதன் இலைத்துண்டை நட்டால் வரும் கன்றில் மஞ்சள் இருக்காது, வெறும் பச்சைதான். இரண்டு வகைத் திசு ஒட்டி வாழும் கலவைச் செடி அது. இலைத்துண்டிலிருந்து புதுமுளை எழும்போது அந்தக் கூட்டு கலைந்துவிடுகிறது. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் அடிக்கிழங்கோடு கன்றைப் பிரியுங்கள்.

பூவுக்காக அல்லாமல் வேடிக்கைக்காகச் சில செடிகள்

தோட்டத்தில் ஒரு மூலையை இதற்கென்றே ஒதுக்குவது என் பழக்கம். ரணகள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு, பெயரே செய்முறை. ஒரு இலையைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல், இலை விளிம்பின் பள்ளங்களில் குட்டிச் செடிகள் வேரோடு முளைக்கும்.

தொட்டாற்சிணுங்கியைத் தொடுவது எல்லோருக்கும் தெரியும். இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு மூட்டில் நீரழுத்தம் சட்டென்று குறைவதால் இலை மடிகிறது. அதைவிட வியப்பு இரவில் நடப்பது. 1729-இல் டி மெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இப்படி இலை மடக்கும் செடியொன்றை இருட்டில் பூட்டி வைத்தார். வெயிலே படாமலும் காலையில் விரிந்து இரவில் மூடியது. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு அதுதான் பழைய தொடக்கம். இதைத் தொட்டியிலேயே வைத்திருங்கள். தரையில் விட்டால் முள்ளோடு படர்ந்து பிடிவாதமாகிவிடும்.

வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் தேன் தரும் பூ மட்டும் போதாது. முட்டையிட இடம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பிட்ட செடிதான் பிடிக்கும். எருக்கு வைத்தால் வெந்தய வரியன் வரும், எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு எலுமிச்சை அழகி. இலை கடிபடும். அதற்குத்தானே வைத்தோம் என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

புழு, பூச்சி, நஞ்சு

நந்தியாவட்டையில் ஒரே இரவில் கிளைகள் மொட்டையாகியிருந்தால், விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் இரண்டு நீலக்கண் புள்ளிகளோடு, இலைக்கடியில் இருக்கும். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. கூட்டுப்புழுவாகும் முன் பழுப்பு நிறமாகி மண்ணுக்கு இறங்கும். வளர்ந்த அந்துப்பூச்சி, பச்சைப் பளிங்கில் செதுக்கினாற்போல இருக்கும். செடி இரண்டு வாரத்தில் மீண்டும் தழைத்துவிடும். நான் மருந்தடிப்பதில்லை.

செம்பருத்தியின் மாவுப்பூச்சி வேறு கதை, அதை விடக் கூடாது. எறும்பு வரிசை கண்ணில் பட்டால் அங்கே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் காவல் காக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருக்கும் வீட்டில் அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதை மறக்காதீர்கள். காந்தள் கிழங்கில் கால்சிசின் இருக்கிறது, அது உயிரைப் பறிக்கும். இவற்றை வெட்டிய கையைக் கழுவுங்கள், வெட்டிய குச்சியை எரிக்காதீர்கள். உண்மையான லில்லியும் டே லில்லியும் பூனைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூந்தூள்கூட ஆபத்து. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அழகானவைதான். ஆனால் வேலியைத் தாண்டினால் காட்டையும் குளத்தையும் விழுங்கியவை. அவற்றைப் புதிதாக நடாதீர்கள்.

படி 8: ஒரு நோட்டும் சில குச்சிகளும்

தேதி, செடி, நடந்தது என்று மூன்று பத்தி போட்ட நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மொட்டு, முதல் பழுத்த இலை, வெட்டிய நாள், பிரித்த நாள், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு எழுதினால் உங்கள் தோட்டத்தின் நாட்காட்டி கையில் இருக்கும். எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

இலை பழுக்கத் தொடங்கிய கிழங்குச் செடிக்குத் தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். தண்டு தானாகக் காய்ந்து விழும் வரை வெட்ட வேண்டாம், கடைசிச் சத்து வரை அது கிழங்குக்கு இறங்கட்டும். பிறகு தொட்டியை மழை படாத மூலைக்கு நகர்த்தி, ஒரு குச்சியில் பெயரையும் தேதியையும் அழியாத மையில் எழுதிச் செருகுங்கள். தரையில் இருந்தால் நான்கு பக்கமும் குச்சி நடுங்கள், இல்லையென்றால் வேறு ஏதாவது நடப்போய் மண்வெட்டி கிழங்கின் மேலேயே விழும். என் வீட்டில் இப்போது அப்படி ஐந்து தொட்டிகள் வெறும் மண்ணாக வரிசையில் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள், "இதையெல்லாம் ஏன் காலியாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். குச்சியைத் திருப்பிக் காட்டுகிறேன்.